'வெரி லேட்' என்றால் தாமதம். 'டூ லேட்' என்றால் கதவு மூடியாச்சு!

என் அண்ணன் மகன் ஒருநாள் செல்போனை என் முன்னால் நீட்டினான். "சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. நான் என்ன தப்பா கேட்டுட்டேன்?"

மேற்படிப்புக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவன் எழுதிய மின்னஞ்சல் அது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 15-ம் தேதி. அவன் எழுதியது 13-ம் தேதி. ஒரு சான்றிதழ் கைக்கு வர ஒரு வாரம் ஆகும், விண்ணப்பத்தை இப்போது அனுப்பிவிட்டு அதை மட்டும் பிறகு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால், பணிவாகத் தொடங்க வேண்டும் என்று நினைத்து முதல் வரியை இப்படி எழுதியிருந்தான்: 'ஐ நோ ஐ ஆம் டூ லேட் டு அப்ளை.'

வந்த பதிலில் இரண்டே வரிகள். ஆர்வத்துக்கு நன்றி, அடுத்த ஆண்டு அறிவிப்பைக் கவனியுங்கள். சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'முடியாதுன்னு சொல்லிட்டாங்க' என்று இவனும் விட்டுவிட்டான். இணையதளத்தில் விண்ணப்பப் பக்கம் 15-ம் தேதி இரவு வரை திறந்தேதான் இருந்திருக்கிறது. என்னிடம் இவன் காட்டியது 17-ம் தேதி.

"ரொம்ப லேட்டா எழுதுறேன், மன்னிச்சிருங்கன்னுதானே சித்தப்பா சொன்னேன்?"

"நீ நினைச்சது அது. எழுதினது, 'இனிமே விண்ணப்பிக்க முடியாதுன்னு எனக்கே தெரியும்'னு. அவங்க ஆமான்னுட்டாங்க."

கடிதத்தை முழுசாகப் படிக்காதது அந்த அலுவலகத்தின் குறை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், நூற்றுக்கணக்கான கடிதங்களைத் தள்ளிவிட வேண்டிய இடத்தில் இருப்பவர் முதல் வரியை நம்பித்தான் முடிவெடுப்பார். அந்த முதல் வரியில் 'டூ' இருந்த இடத்தில் 'வெரி' இருந்திருந்தால், இரண்டாவது வரியையும் படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் சின்னச் சொல் நம்மில் பலரையும் சறுக்கவிடுகிறது. பத்து வருஷம் ஆங்கிலம் படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. இதில் படித்தவர்களைக் காட்டிலும் சொல்லிக்கொடுத்த முறைக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

ஒரு கோடு போட்டுப் பாருங்கள்

பொழுதுபோக்குப் பூங்காக்களில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் ஒரு கோடு. அந்த உயரம் இருந்தால்தான் ஏறலாம். உங்கள் பையனை அதன் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள்.

தலை கோட்டைத் தொட்டுவிட்டால் அவன் 'டால் எனஃப்'. தொடவில்லை என்றால் 'நாட் டால் எனஃப்' அல்லது 'டூ ஷார்ட்'. அதே பூங்காவில் மழலைகளுக்கான குட்டி ரயிலும் இருக்கும். அதில் ஏற இவன் 'டூ டால்'. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான், உள்ளே விட மாட்டார்கள்.

இப்போது 'வெரி டால்' என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கோடும் நினைவுக்கு வராது. நல்ல உயரம், அவ்வளவுதான். ஏறலாமா, கூடாதா என்பது பற்றி அந்தச் சொல்லுக்கு எந்தக் கருத்தும் இல்லை.

மூன்று சொற்களின் வேலையும் இதில் அடங்கிவிட்டது. 'வெரி' அளவைச் சொல்லும். 'எனஃப்' தேவையான கோட்டைத் தொட்டாச்சு என்று சொல்லும். 'டூ' கோட்டைத் தாண்டிப் போச்சு என்று சொல்லும். தாண்டினால் ஏதோ ஒன்று கெட்டுப்போகும், அல்லது நடக்காமல் போகும். அந்த ஏமாற்றமோ குறையோ 'டூ' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'தி காபி இஸ் வெரி ஹாட்' என்றால் காபி நல்ல சூடு. நம்மில் பலருக்கு அதுதான் பிடிக்கும். 'தி காபி இஸ் டூ ஹாட்' என்றால் வாய் பொறுக்காத சூடு. ஆற்றித் தரச் சொல்கிறோம் என்று அர்த்தம்.

நம் 'ரொம்ப' செய்யும் வேலை

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? தமிழில் 'ரொம்ப' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. 'பொண்ணு ரொம்ப நல்லா பாடுறா' என்பது பாராட்டு. 'சட்டை ரொம்பப் பெருசு' என்று துணிக்கடையில் சொன்னால் அது நிராகரிப்பு. கடைக்காரர் உடனே சின்ன அளவை எடுத்துக் கொடுப்பார். சொல் ஒன்றுதான். சொல்லும் இடமும் குரலும் அர்த்தத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன.

இதை வைத்து, தமிழில் 'டூ'வுக்குச் சொல்லே இல்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. சாம்பாரில் உப்பு 'கரிக்குது' என்கிறோம். பாயசம் 'திகட்டுது' என்கிறோம். சாதம் 'குழைஞ்சு போச்சு' என்கிறோம். இந்த ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு 'டூ' இருக்கிறது. திகட்டுவது என்றால் இனிப்பு, சாப்பிட முடியாத அளவுக்குப் போய்விட்டது என்றுதானே பொருள்? மயில் இறகாகவே இருந்தாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று சொன்ன வள்ளுவரின் மொழி நம்முடையது. எல்லை தாண்டுவதைப் பற்றி யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் எளிதான வழி ஒன்று இருக்கிறது. 'ரொம்ப ஓவரா பண்றே' என்று சொல்கிறோமே, அந்த 'ஓவர்'தான் ஆங்கிலத்தின் 'டூ'. சந்தேகம் வந்தால் உங்கள் வாக்கியத்தில் 'ஓவர்' போட்டுப் பாருங்கள். 'ஓவர் சூடு', 'ஓவர் விலை' என்பது நீங்கள் நினைத்ததற்குப் பொருந்தினால் 'டூ' போடலாம். 'உங்க உதவிக்கு ஓவர் சந்தோஷம்' என்பது இடிக்கிறதா? அங்கே 'வெரி' போடுங்கள்.

அப்போ 'டூ குட்' தப்பா?

'பாட்டு டூ குட் மச்சான்' என்று பேசுவதை நான் திருத்தப் போவதில்லை. நண்பர்களுக்குள் அது புகழ்ச்சிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் குழந்தையைப் பார்த்து 'டூ க்யூட்' என்கிறார்கள். யாராவது பாராட்டினால் 'யூ ஆர் டூ கைண்ட்' என்பது மரியாதையான பதில். 'நான் அதற்குத் தகுதியில்லை, நீங்கள் அளவுக்கு மீறிப் புகழ்கிறீர்கள்' என்ற அடக்கம் அதில் இருக்கிறது. அங்கேயும் கோடு இருக்கிறது, கவனித்தீர்களா?

சிக்கல் எல்லாம் எழுத்தில்தான். அலுவலகத்தில் ஒருவர் தயாரித்த அறிக்கையைப் பாராட்ட நினைத்து 'யுவர் ரிப்போர்ட் இஸ் டூ டீடெய்ல்டு' என்று எழுதினால், 'இவ்வளவு விவரம் வேண்டாம், குறையுங்கள்' என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பொருள் வாங்கும்போது 'தி பிரைஸ் இஸ் வெரி ஹை' என்றால் விலை அதிகம் என்று முணுமுணுக்கிறோம், பேரம் தொடரும். 'தி பிரைஸ் இஸ் டூ ஹை' என்றால் இந்த விலைக்கு வாங்க முடியாது என்று சொல்கிறோம். மருத்துவரிடம் 'திஸ் டேப்லெட் இஸ் வெரி ஸ்ட்ராங்' என்பது வெறும் தகவல். 'டூ ஸ்ட்ராங்' என்றால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று புகார். அவர் மாத்திரையின் அளவைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

குரலும் முகமும் இல்லாத இடத்தில் சொல் மட்டும்தான் நமக்காகப் பேசும். அதனால்தான் அங்கே கவனம் தேவை.

'எனஃப்' உட்காரும் இடம்

'போதும்' என்பதற்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'போதாது' என்பதைப் பேச்சில் 'பத்தாது' என்கிறோம். நெல்லை, குமரிப் பக்கம் 'காணாது' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சோறு போதும் என்பதற்கு 'காணும்' என்று சொல்வதைக் கேட்கலாம். ஆகவே பொருளில் குழப்பமில்லை. தடுமாறுவது இடத்தில்.

தமிழில் 'போதுமான உயரம்', 'போதுமான பணம்' என்று எப்போதும் முன்னால் வரும். அதே பழக்கத்தில் 'ஹி இஸ் எனஃப் டால்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது.

பொருளின் பெயர் வந்தால் 'எனஃப்' அதற்கு முன்னால்: எனஃப் மணி, எனஃப் டைம், எனஃப் சேர்ஸ்.

தன்மையைச் சொல்லும் சொல் வந்தால் 'எனஃப்' அதற்குப் பின்னால்: டால் எனஃப், ஓல்ட் எனஃப், ஃபாஸ்ட் எனஃப்.

செயலைச் சொன்னாலும் பின்னால்தான்: 'யூ டோன்ட் ஸ்லீப் எனஃப்'. நீ போதுமான அளவு தூங்குவதில்லை.

இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு பள்ளியில் 'வி டோன்ட் ஹேவ் எனஃப் பிக் ரூம்ஸ்' என்றால், பெரிய அறைகள் இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை பத்தவில்லை. 'வி டோன்ட் ஹேவ் எ பிக் எனஃப் ரூம்' என்றால், இருக்கிற எந்த அறையும் தேவையான அளவுக்குப் பெரியதில்லை. முதலாவதற்கு இன்னும் சில அறைகள் கட்ட வேண்டும். இரண்டாவதற்குச் சுவரை இடிக்க வேண்டும்!

விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. நம் வீடுகளில் 'போதும்மா' என்று இலையின் மேல் கை வைப்பது மரியாதைதான். ஆங்கிலத்தில் பரிமாறுபவரைப் பார்த்து வெறுமனே 'எனஃப்!' என்றால், 'போதும், நிறுத்து' என்று அதட்டியது போலாகிவிடும். 'தட்ஸ் பிளெண்டி, தேங்க் யூ' என்று சொல்லுங்கள்.

அடிக்கடி சறுக்கும் நான்கு இடங்கள்

முதலாவது, 'டூ மச் ஹாட்'. தன்மைச் சொல்லுக்கு முன்னால் வெறும் 'டூ' போதும்: 'டூ ஹாட்'. 'டூ மச்' என்பது எண்ண முடியாத பொருளுக்கு: டூ மச் சால்ட், டூ மச் நாய்ஸ். எண்ணக்கூடியதற்கு 'டூ மெனி': டூ மெனி பீப்பிள். அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் வரிசையைத் திருப்புங்கள்: 'மச் டூ ஹாட்'. மிக மிக அதிகமான சூடு.

இரண்டாவது, கடைசியில் ஒட்டும் 'இட்'. 'தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க் இட்' என்பது தவறு. டீ என்று முதலிலேயே சொல்லியாச்சு. 'தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்' என்று நிறுத்திவிட வேண்டும். யாருக்கு என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் 'ஃபார் மீ' சேர்க்கலாம்: 'டூ ஹாட் ஃபார் மீ டு டிரிங்க்'. எனக்குத்தான் சூடு, உங்களுக்கு எப்படியோ!

மூன்றாவது, 'கூட' என்ற பொருளில் வரும் 'டூ'. 'ஐ லைக் இட் டூ' சரி. மறுக்கும்போது அது வராது. 'ஐ டோன்ட் லைக் இட் ஈதர்' என்று மாற்ற வேண்டும். திசையைக் காட்டும் 'டு'வும் இந்த 'டூ'வும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது கூடுதல் செய்தி. அழுத்தி உச்சரித்த வடிவத்துக்கு இன்னொரு 'ஓ' சேர்த்துத் தனியாக எழுதும் வழக்கம் 16-ம் நூற்றாண்டில் வந்தது.

நான்காவது, 'யூ கேனாட் பி டூ கேர்ஃபுல்'. 'அளவுக்கு மீறி எச்சரிக்கையாக இருக்காதே' என்று இதற்குப் பொருள் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மை நேர் எதிர். எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் அது அதிகம் ஆகாது. கோடு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. 'ஐ கேனாட் தேங்க் யூ எனஃப்' என்பதும் இதே போலத்தான். எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

பள்ளிக்கூடத்தில் நடந்தது என்ன?

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

'டூ' பற்றிப் பள்ளியில் என்ன படித்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். 'ஹி இஸ் டூ வீக் டு வாக்' என்று கொடுப்பார்கள். அதை 'ஹி இஸ் ஸோ வீக் தட் ஹி கேனாட் வாக்' என்று மாற்ற வேண்டும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலில், வாக்கியங்களை உருமாற்றும் பகுதியில் 'டூ' வரும் வாக்கியங்களுக்கென்றே பயிற்சி உண்டு. நம் பள்ளிகளின் வினாத்தாள்களிலும் இந்த வகைக் கேள்வி வழக்கமான விருந்தாளி. 'டூ'வை எடு, 'ஸோ' போடு. 'டு'வை எடு, 'தட்' போட்டு 'கேனாட்' சேர். மதிப்பெண் கைமேல்.

பயிற்சி தவறு என்று நான் சொல்லவில்லை. 'டூ'வுக்குள் ஒரு 'முடியாது' ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. அதே நூல், 'டூ' என்றால் தேவைக்கு மேல் என்று பொருள், அதை 'வெரி'க்குப் பதிலாகப் போடக் கூடாது என்றும் தெளிவாகவே சொல்கிறது. ஆனால், வகுப்பில் அந்த ஒரு வரி நிற்பதில்லை. மாற்றும் சூத்திரம் மட்டும் நிற்கிறது. பாகம் பாகமாகக் கழற்றி மாட்டத் தெரிகிறது. வண்டி ஓட்டத் தெரியவில்லை.

சூத்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 'எனஃப்' வாக்கியத்தையும் இதே பாணியில் மாற்றச் சொல்லிக்கொடுப்பார்கள். 'ஷி இஸ் ஓல்ட் எனஃப் டு வோட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல். 18 முடிந்த பெண்ணைப் பற்றிய வாக்கியம் இது. சூத்திரப்படி மாற்றினால் 'ஷி இஸ் ஸோ ஓல்ட் தட் ஷி கேன் வோட்'. படித்துப் பாருங்கள். 'அவள் அவ்வளவு கிழவி, ஓட்டே போடலாம்' என்பது போல ஒலிக்கவில்லையா? 'எனஃப்' என்பது கோட்டைத் தொட்டதைத்தான் சொல்கிறது. 'ஸோ' அளவைத் தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆனால், வினாத்தாளில் இதற்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

என் அண்ணன் மகனும் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் வாங்கியவன்தான். 'டூ லேட் டு அப்ளை' என்பதை 'ஸோ லேட் தட் ஐ கேனாட் அப்ளை' என்று மாற்றச் சொல்லியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருப்பான். தன் கடிதத்தில் அதே வாக்கியத்தைத் தானே எழுதும்போது, அதற்குள் ஒரு 'கேனாட்' உட்கார்ந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. பள்ளியில் படித்ததும் வாழ்க்கையில் எழுதியதும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மாற்றும் பயிற்சிக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இங்கே கோடு எது?' 'தி பேக் இஸ் டூ ஹெவி' என்றால், எதற்கு ஹெவி? தூக்குவதற்கா, விமானத்தில் ஏற்றுவதற்கா, சின்னப் பிள்ளை சுமப்பதற்கா? பதில் சொல்ல முடிந்தால் 'டூ' சரி. கோடே இல்லை, வெறும் கனம்தான் என்றால் 'வெரி'. பிள்ளைகள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் அடுப்படியிலிருந்தே உதாரணம் கொண்டுவருவார்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. உங்கள் மகள் ரொம்பப் புத்திசாலி.
2. இந்தச் செருப்பு எனக்கு ரொம்பச் சின்னது, மாட்டவே முடியவில்லை.
3. அவனுக்குப் போதுமான அனுபவம் இல்லை.
4. தண்ணீர் குளிக்கிற அளவுக்குச் சூடாக இருக்கிறதா?
5. நீ ரொம்ப வேகமாகப் பேசுகிறாய், எனக்குப் புரியவில்லை.

விடைகள்: முதலாவதற்கு 'வெரி க்ளெவர்'. இரண்டாவதற்கு 'டூ ஸ்மால் ஃபார் மீ'. மூன்றாவதற்கு 'எனஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. பெயர்ச்சொல், ஆகவே முன்னால். நான்காவதற்கு 'வார்ம் எனஃப்'; தன்மைச்சொல், ஆகவே பின்னால். ஐந்தாவதற்கு 'டூ ஃபாஸ்ட்'. முதலாவதிலும் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் தமிழில் ஒரே 'ரொம்ப'தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எந்த 'ரொம்ப'வுக்குப் பின்னால் ஒரு 'முடியவில்லை' நிற்கிறதோ, அதுதான் 'டூ'.

என் அண்ணன் மகன் இந்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கிறான். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கடிதத்தை என்னிடம் காட்டினான். முதல் வரியில் மன்னிப்பு எதுவும் இல்லை. நேராகக் கேள்வியைக் கேட்டிருந்தான்.

"இப்ப அனுப்பலாமா சித்தப்பா?"

"அனுப்பு. 'ஏர்லி எனஃப்'தான்."